காட்டோரம் நின்று மாட்டைக் கூப்பிட்டவன்

அன்பான பிள்ளை,

வழக்கம்போல எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். அம்மா சுகம். மாடு கன்றுகள் சுகம். சிறுபோகப் பயிரும் ஒருமாதிரிச் சுகம். என் தலைதான் சுகமில்லை. காய்ச்சலோ தலையிடியோ இல்லை. நீ அனுப்பிய கதைக் கொப்பிகளை வாசித்த நாளிலிருந்து தலைக்குள் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. கொப்பிக் கட்டோடு ஒரு சின்னக் கடுதாசித் துண்டும் வைத்திருந்தாய். "அச்சுக்குக் குடுக்க முதல் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ அப்பா. பிடிக்காட்டி மறைக்காமல் சொல்லுங்கோ" என்று ஒரு பக்கம். ஆசிரியப் பயிற்சி முடிந்து பதுளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலை வண்டியில் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே போகிறேன், கிளிநொச்சியில் இறங்க நேரமில்லை என்று மற்றப் பக்கம். ஒரு மனுசனுக்கு ஒரே துண்டில் இவ்வளவையும் அனுப்பினால் அவன் எந்தப் பக்கத்தைப் பார்த்துச் சந்தோசப்படுவது, எந்தப் பக்கத்தைப் பார்த்துக் கவலைப்படுவது? நான் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அதென்ன, காத்தாடியோ?" என்று அம்மா கேட்டார்.

நான் கதைப் புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நிறுத்தியது நான் அல்ல, வாத்தியார். பேப்பர் வாசிப்பேன், பஞ்சாங்கம் வாசிப்பேன், உரப்பையில் எழுதியிருப்பதையும் விடமாட்டேன். அப்படிப்பட்டவன் உன் முதல் கொப்பியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். எங்கள் முறைக்குத் தண்ணீர் வந்தது. மடையைத் திறந்துவிட்டு வரம்பில் குந்தியிருந்து வாசிக்கத் தொடங்கினேன். தேவதைகளின் ராணி சபைக்கு வருகிற இடம். பூ உதிர்கிறது, வெளிச்சம் பரவுகிறது, நானும் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறேன். பக்கத்து வயல்காரன் கத்துகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். எங்கள் வயல் நிரம்பி, வரம்பு உடைந்து, அவன் முதல்நாள் உரம் போட்ட வயலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன, இந்த வயசில சோதினைக்குப் படிக்கிறியளோ?" என்றான். "ஓம், மோள் வைச்ச சோதினை" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தேடினேன். அது தண்ணீருக்குள் கிடந்தது. கொப்பி நனையவில்லை, பயப்படாதே.

கதை விளங்கியதா என்று கேட்டால், விளங்கியது என்றும் சொல்ல முடியாது, விளங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பழம் பொறுக்க மாயக் காட்டுக்குள் போகிறாள். அங்கே தேவதைகள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் முதுகில் தும்பியின் செட்டை. சரி, இருக்கட்டும். ஆனால் பிள்ளை, மாரி பிடித்தால் அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள்? நனைந்த செட்டை எப்போது காயும்? நாங்கள் இங்கே வந்த புதிதில் நுளம்புக் கடியில் குடும்பத்தோடு காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தோம். உன்னுடைய ஆட்கள் தோள் தெரிய இலைமேல் இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கதை முழுவதும் தேடிப் பார்த்தேன், ஒரு யானை வரவில்லை. யானை வராத காட்டை நான் கண்டதில்லை. இது எங்கள் காடா, வேறு தேசத்துக் காடா என்று எனக்குக் குழப்பம். வேறு தேசம் என்று முடிவெடுக்கப் போனால், தேவதைகள் கொடுக்கிற மஞ்சள் கனியைத் தின்றதும் அந்தப் பெண்ணின் உதடுகள் ஒட்டிப்போகின்றன, கதைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது பாலைப்பழம். அளவுக்கு மிஞ்சித் தின்றால் வாய் அப்படித்தான் பசையாக ஒட்டும், அதை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ராணி கோபம் வந்தால் ஒன்றும் பேசாமல் பொற்கிண்ணங்களைச் சத்தமாக வைக்கிறாள். அந்த இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது ஆரையாம் எழுதியிருக்கிறாள்?" என்று கேட்டுவிட்டுச் செம்பை டக்கென்று வைத்தார். நான் கொப்பியை மூடிவிட்டேன்.

மிச்சத்தைப் பின்நேரம் முற்றத்தில் இருந்து சத்தமாக வாசித்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டு கேட்டார். சின்னத்தம்பி அண்ணையும் வந்திருந்தார். உனக்கு அவரை நினைவிருக்கும். துணுக்காய்ப் பக்கத்து மனுசன், பரம்பரையாகக் காட்டோடு புழங்கியவர், நாங்கள் காணி வெட்டின காலத்தில் எனக்குக் கத்தி பிடிக்கக் காட்டித் தந்தவர். கதை என்றால் அவருக்கு நடந்ததுதான் கதை. நான் ஒரு வரி வாசிக்க அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இது எந்தப் பக்கத்துக் காடு, தம்பி?"

"கதையண்ணை. மனதில வாற காடு."

"மனதில வந்தாலும் ஒரு பக்கம் இருக்கும்தானே. குளத்துக்கு அங்காலையோ, இங்காலையோ?"

"இங்காலை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

"அந்தப் பெட்டை காட்டுக்க போகேக்க இலைக்குழை முறிச்சு மரத்தில போட்டவளோ?"

"அப்பிடி எழுதேல்லை."

"பாத்தியோ! ஐயனாருக்கு ஒரு குழை முறிச்சுப் போடாமல் போனவளெண்டா செட்டை முளைச்சதுகள் பிடிக்காமல் என்ன செய்யும்?" என்று அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் தலையை ஆட்டினார்.

பிறகு அந்த இடம் வந்தது. ராணி சொல்கிறாள்: "உன்னைப் பெற்றவர்கள் காட்டெல்லையில் நின்று உன் பெயரைச் சொல்லி அழைத்தால் உன்னை விட்டுவிடுவோம். அழைக்காவிட்டால் நீ எங்களுடையவள்." சின்னத்தம்பி அண்ணை இருந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டார். "பிழை, பிழை! தலைகீழா எழுதியிருக்கிறாள். காட்டில ஆளின்ர பேரைச் சொல்லக் கூடாது எண்டு உவளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? தம்பி, அச்சடிக்க முதல் மாத்தச் சொல்லு, வாசிக்கிற பிள்ளையள் நம்பிப்போடும்." நான் சிரித்துக்கொண்டு, "சொல்லுறன், சொல்லுறன்" என்று பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த பக்கத்தில் பெண்ணின் தகப்பன் வருகிறான். பட்டுத் தலைப்பாகை கட்டின பிரபு. உள்ளதைச் சொன்னால், எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கோவணத்தோடு வயலில் நிற்கிறவனுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டிவிட மகள் ஒருத்தி இருக்கிறாளே என்று அம்மாவைக் கூடப் பார்த்தேன். பிரபு காட்டெல்லையில் நிற்கிறான். மகள் மரத்துக்குப் பின்னால் உதடு ஒட்டிப்போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் பெயர் வருமென்று காத்திருக்கிறாள். பிரபு வாயைத் திறக்கிறான். "என் வெண்புரவியே! வெண்புரவியே!" என்று கூப்பிடுகிறான். குதிரை ஓடி வருகிறது. அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். பிடரி மயிரில் தன் முகத்தைத் துடைத்துக்கொள்கிறான். பிறகு அதைக் கூட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் போகிறான். பெண் திரும்பி நடக்கிறாள். அவள் முதுகில் செட்டை முளைக்கிறது.

முகத்தைத் துடைத்தான் என்ற இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "இஞ்சாருங்கோ, ஏன் நிப்பாட்டிட்டியள்?" என்று அம்மா கேட்டார். கண்ணாடியில் தூசி என்றேன். சின்னத்தம்பி அண்ணை, "குதிரை வைச்சிருந்தவனெண்டா அது நீ இல்லை, தம்பி, யோசியாதை" என்றார். அம்மா சுளகைக் கீழே வைத்தார், இந்த முறை சத்தமில்லாமல். "அது நீங்கள்தான்" என்றார்.

அன்றைக்கு நடந்ததை நீ எட்டு வயதுக் கண்ணால் ஒரு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாய். மற்றப் பக்கத்தில் நின்றவன் நான். ஆகவே என் பக்கத்தையும் கேள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குடியேற்றத்துக்கு வந்து இன்னும் ஒரு போகமும் காணாத நேரம். வெட்டின காடு முடிந்து வெட்டாத காடு தொடங்குகிற இடம்தான் எங்கள் காணியின் பின்வேலி. வேலியென்று ஒன்று இருந்ததுமில்லை. பாலைப்பழக் காலம். உன்னைக் காணவில்லை. அம்மா கிணற்றடிக்கு ஓடினார், நான் காட்டடிக்கு ஓடினேன். ஓடின வேகத்தில் உன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் வந்த சின்னத்தம்பி அண்ணை என் வாயைக் கையால் பொத்திவிட்டார். அந்தக் கையின் சுருட்டு மணம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"பேர் சொல்லாதை! காடு கேட்டுப் பழகிப்போடும். பிறகு அது உன்ர குரலில பிள்ளையைக் கூப்பிடும். பிள்ளை அதுக்குப் பின்னால போயிடும்."

"அப்ப எப்பிடியண்ணை கூப்பிடுறது?"

"வேறை என்னத்தையும் சொல்லு. உன்ர குரல் கேட்டாப் போதும், பிள்ளை வரும். இதில நிண்டு குரலை விடாமல் குடு, நான் உள்ளுக்கப் போறன்."

ஒரு குழையை முறித்து மரக்கொப்பில் போட்டுவிட்டு அவர் உள்ளே போனார். நான் அதை நம்பினேனா என்று கேட்காதே. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இப்படியொன்று தெரியாது. நம்பவில்லை. என்றாலும், என் பிள்ளையின் பேரை வைத்துப் பரீட்சித்துப் பார்க்கிற அளவுக்கு நம்பாமலும் இல்லை. சரி, வேறு எதையாவது கூப்பிடுவோம் என்றால், உலகத்தில் உள்ள சொற்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன. கடவுள்களின் பேர் கூட வரவில்லை. வாயில் வந்தது எங்கள் வண்டில் மாட்டின் பேர். "மயிலா! மயிலா, வாடா! எங்கையடா நிக்கிறாய்? வாடா ராசா!" என்று அடித்தொண்டையால் கத்தினேன். நான் கத்தின ஒவ்வொரு மயிலாவும் நீதான், பிள்ளை. மாட்டை நான் அதற்கு முதலும் பிறகும் ராசா என்று கூப்பிட்டதில்லை. மயிலனுக்கும் அது புதுமையாக இருந்திருக்க வேண்டும். கயிற்றை இழுத்துக்கொண்டு வயலுக்குள்ளால் வந்து என் தோளில் மூக்கை வைத்தது. நீ வராமல் மாடு வந்து நிற்கக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். முகத்தைத் திமிலில் துடைத்தேன். பிறகு அது காட்டுக்குள் இறங்கப் பார்த்தது. இதையும் தொலைத்தால் என்ன செய்வது என்று இழுத்துக்கொண்டு போய் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவந்தேன். நான் திரும்பி வரவும் சின்னத்தம்பி அண்ணை உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. "கிட்டத்தான் நிண்டவள்" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு கிட்ட என்று நான் கேட்கவில்லை.

உன் உதடு பாலைப்பழப் பாலில் ஒட்டியிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டு, முதுகிலும் ஒன்று போட்டார். அன்றைக்கு முழுவதும் நீ ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நாங்கள் பாலைப்பழத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்தோம்.

அதற்குப் பிறகு அது என்னுடைய கதையாகிவிட்டது. கலியாண வீடு, வாய்க்கால் கூட்டம், எங்கே நாலு பேர் கூடினாலும், "பிள்ளையைத் துலைச்சிட்டு மாட்டைத் தேடினவன் வாறான், சொல்லடாப்பா" என்பார்கள். நானும் கையைக் காலை ஆட்டிச் சொல்லுவேன். மயிலன் வந்த இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீயும் சிரித்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்த இடம் வரும்போது நீ தண்ணீர் அள்ளவோ கொடியில் உடுப்பு எடுக்கவோ எழும்பிப் போயிருக்கிறாய். ஏன் பேரைச் சொல்லவில்லை என்பதை நான் எந்த முறையும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் காட்டோடு வாழ்கிறவர்கள், அவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. உனக்கும் தெரியுமென்று நினைத்தேன். யாருக்கோ சொன்னதை உனக்குச் சொன்னதாகவும் நினைத்திருக்கலாம். இரண்டு வருசத்தில் உன்னை யாழ்ப்பாணத்துக்கு மாமி வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு உன்னோடு காட்டு நடப்பைப் பற்றிக் கதைக்க யார் இருந்தார்கள்?

ஒன்று மட்டும் சத்தியமாகத் தெரியும். மாட்டின்மேல் முகத்தைத் துடைத்ததை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதைச் சொன்னால் சிரிப்பு வராது. அம்மாவுக்குக் கூடத் தெரியாது. அப்படியென்றால் பிரபு குதிரையின் பிடரியில் முகம் துடைத்தது உனக்கு எங்கிருந்து வந்தது? நீ கண்டிருக்கிறாய். மரத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கண்டிருக்கிறாய். மாட்டைக் கூப்பிட்டார், மாட்டுக்காக அழுதார், மாட்டைக் கூட்டிக்கொண்டு போனார் என்று கண்டிருக்கிறாய். இத்தனை வருசமும் அதை வைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறாய்.

இதை எழுதும்போதும் எனக்குக் குழப்பம்தான். கதையில் வருகிறவன் நான்தான் என்று நீ நினைத்து எழுதினாயா, அல்லது உனக்கே தெரியாமல் வந்து நின்றானா? எழுதுகிறவர்களுக்கு அப்படியும் நடக்குமாம், அம்மா சொல்கிறார். அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கதையை வாசித்துச் சொல்லுங்கோ என்று கேட்டது கதையைப் பற்றியா, இதைப் பற்றியா? எனக்குப் பதில் வேண்டாம். சின்னத்தம்பி அண்ணை சொன்னபடி மாற்றவும் வேண்டாம். ராணி தன்னுடைய சட்டத்தை வைத்துக்கொள்ளட்டும். பெண்ணுக்குச் செட்டை முளைக்கட்டும். பிரபுவும் குதிரையோடு போகட்டும். பட்டுத் தலைப்பாகையை மட்டும் கழற்றிவிடாதே. கதை எனக்குப் பிடித்திருக்கிறது. விளங்காமலே பிடித்திருக்கிறது. அச்சுக்குக் கொடு.

நீ போகிற இடம் குளிராம். அம்மா என் பழைய கோட்டை வெட்டி உனக்குத் தைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் உன்னைத் தபால்காரன் என்று நினைக்கும், என்றாலும் போடு. பொல்காவலையில் வண்டி மாறும்போது நித்திரையாகிவிடாதே. புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு, அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். காலையில் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிடும்போது அவசரப்படாதே. ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் முழுதாகச் சொல்லு, நிமிர்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார், பிறகு கோடு போடு. கடைசி வாங்கில் ஒரு பிள்ளை வாய் ஒட்டினதுபோல் இருக்கும். அதன் பேரை இரண்டு தரம் சொல்லு.

இந்தக் கடிதத்திலும் உன் பேரை நான் இன்னும் எழுதவில்லை, பார்த்தாயா? பிள்ளை, பிள்ளை என்றே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த வீட்டில் பேர் சொல்லிப் பழக்கமே இல்லை. அம்மா கலியாணம் கட்டின நாளிலிருந்து என்னை "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுகிறார், காட்டுக்குப் போனாலும் எனக்கு ஆபத்து இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் கிளிநொச்சி ஸ்டேசனில் நிற்பேன். நீ இறங்க வேண்டாம். எந்தப் பெட்டியில் இருப்பாய் என்று எனக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை. ஸ்டேசனில் பேர் சொல்லலாமா என்று சின்னத்தம்பி அண்ணையிடம் கேட்டுவிட்டேன். கனநேரம் யோசித்தார். "தண்டவாளம் போட்ட இடம் காடில்லை. சொல்லலாம். எண்டாலும் ஒரு குழை முறிச்சுப் போட்டிட்டுச் சொல்லு" என்றார். போடுவேன். ஸ்டேசன் மாஸ்டர் ஏதும் கேட்டால் மாட்டுக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

சின்னத்தம்பி அண்ணை உனக்கென்று ஓலைப்பெட்டி நிறையப் பாலைப்பழம் பொறுக்கி வைத்திருக்கிறார். யன்னலால் தருவேன். வண்டி வெளிக்கிடும்வரை ஒன்றும் வாயில் போடாதே. வண்டி வந்து நின்றதும் நான் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருவேன், ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீ யன்னலால் தலையை நீட்டி, "ஓம் அப்பா, இஞ்சை நிக்கிறன்" என்று சொல்ல வேண்டும், புனிதவதி.

அப்பா